செத்த பிறகு கல்யாணம்

உட்கார் தாயி. அந்த இடத்தில் வேண்டாம், வாசலை மறைக்கும். நாற்காலியை இப்படி இழுத்துப் போடு. எனக்கு வாசல் தெரிய வேண்டும்.

உன் பெயர் அச்சடித்த கார்டைக் கிழித்துவிட்டேன் என்று முகத்தைச் சுளிக்காதே. கைப்பழக்கம். யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் கை அதுபாட்டுக்குக் கிழித்துவிடும். இந்தா, உன் பாதி. மற்றப் பாதி என்னிடம் இருக்கட்டும். கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட என் மருமகள் என் கையில் கொடுக்கமாட்டாள். தள்ளி நின்று வாசித்துக் காட்டுவாள்.

காபி கிடையாது. அவள் வேலைக்குப் போயிருக்கிறாள். தண்ணீர் செம்பில் இருக்கிறது.

விஷயத்துக்கு வருவோம். அந்தப் படத்தைப் பற்றி எழுதுகிறாய். படம் வந்து நாற்பத்தேழு வருஷம் ஆயிற்று. இப்போது கழுவித் துடைத்து மறுபடியும் ஓட்டப்போகிறார்கள். பெரிய படம், ஒசந்த படம், பத்திரிகைக்காரன் ஒருவன் ஜெயிலில் கிடந்த அப்பாவியை மீட்டுக்கொண்டு வந்த படம். சரி. ஓட்டிக்கொள்ளட்டும். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அய்யாத்துரை பாட்டில் வாங்கவில்லை. அதை எழுது.

பிராந்தி பாட்டிலை வாங்கிக்கொண்டு பொய்ச்சாட்சி சொன்னவன் என்று படத்தில் என்னை வைத்திருக்கிறான். நான் ஒரு சொட்டு நாக்கில் வைத்தவன் இல்லை. அன்றைக்குக் கோர்ட்டில் போலீஸ்காரர் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். அதைக்கூட நான் குடிக்கவில்லை. யாரிடமும் எதுவும் வாங்காமல், சும்மா சொன்ன சாட்சி அது. எழுதிக்கொண்டாயா? எழுது.

முதலிலிருந்து சொல்ல வேண்டுமா? சொல்கிறேன். குறுக்கே பேசாதே.

பூரணி டாக்கீஸில் முப்பத்தோரு வருஷம் கேட்டில் நின்றேன். தரை, பெஞ்சு, சேர், எல்லாவற்றுக்கும் ஒரே கேட். ஊரில் எனக்குப் பெயரே கேட்டு அய்யாத்துரை. தாசில்தார் மச்சினன் என்று ஒருவன் வந்தான். டிக்கெட் என்றேன். இன்ஸ்பெக்டர் வீட்டுச் சமையல்காரன் வந்தான். டிக்கெட் என்றேன். முதலாளியின் சம்பந்தி பட்டுவேட்டியோடு வந்தார். அவரிடமும் டிக்கெட் என்றேன். முதலாளி பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். சம்பந்தி போய் வாங்கிக்கொண்டு வந்தார். அதுதான் கேட்.

படமா? ஒரு படமும் பார்த்ததில்லை. திரைக்கு முதுகைக் காட்டி நிற்கிற வேலை என்னுடையது. கேட்பேன். நடுவில் ஒரு கறுப்புத் துணிதான். யார் அழுகிறாள், யார் அடிக்கிறான், எல்லாம் காதிலேயே தெரிந்துவிடும். முடிவு மட்டும் தெரியாது. கடைசி அரை மணிக்கு அடுத்த ஆட்டத்துக் கூட்டம் வந்து கேட்டில் மோதும். அந்த இரைச்சலில் உள்ளே இடி விழுந்தாலும் கேட்காது. ஆயிரம் படம் கேட்டிருக்கிறேன், ஒன்றுக்கும் முடிவு தெரியாது. தெரிந்து என்ன செய்ய?

இப்போது பெட்டி விஷயம். அது தெரியாவிட்டால் உனக்கு ஒன்றும் விளங்காது.

முதலாளிக்கு இரண்டு கொட்டகை. எங்களுடையது ஒன்று. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் சின்னக் கொட்டகை ஒன்று. இரண்டிலும் ஒரே படம். ஆனால் படம் வருவது ஒரே ஒரு பிரதி, ஆறு தகரப்பெட்டியில். அங்கே ஒன்றரை மணி முன்னால் ஆரம்பிப்பார்கள். ஒன்றோ இரண்டோ பெட்டி அங்கே ஓடி முடிந்ததும் பெட்டிக்காரன் சைக்கிளில் கட்டி இங்கே கொண்டுவர வேண்டும். கேட்டுக்கு வெளியே சைக்கிளைச் சாத்திவிட்டு, பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு ஆப்பரேட்டர் ரூமுக்கு மாடிப்படி ஏற வேண்டும். ஒரு நிமிஷம் பிந்தினாலும் திரை வெள்ளையாகிவிடும், விசில் பறக்கும். அதனால் பெட்டி வருகிறது என்றால் நான் கூட்டத்தைப் பிளந்து வழிவிடுவேன். "தள்ளு, தள்ளு, பெட்டி வருது, வழிவிடு!" என் தொண்டை அதற்கென்றே பழகியது.

பெட்டிக்கு டிக்கெட் கிடையாது. அது ஆள் இல்லை, பெட்டி.

அன்றைக்கு மாட்னி. தீப்பெட்டி ஆபீஸில் கண்காணி பிச்சையா என்று ஒருவர். நாலரை மணிச் சங்கு ஊதும்போது உயிரோடு இருந்தார். ஐந்து மணிக்குக் குடோனில் மண்டை உடைந்து கிடந்தார். காலையில் மாடக்கண்ணு என்கிற பயலுக்கும் அவருக்கும் சண்டை. குச்சியில் மருந்து முக்குகிற வேலை அவனுக்கு. கண்காணி எல்லார் முன்னாலும் அவனைக் கன்னத்தில் அறைந்து வெளியே தள்ளினார். இவன் "நீரு நல்லா இருக்கமாட்டீரு" என்று சொல்லிவிட்டுப் போனான். நாற்பது பெண்கள் கேட்டிருக்கிறார்கள். போலீசுக்கு அது போதும். பொழுது அடைவதற்குள் பிடித்துவிட்டார்கள்.

அவன் சொன்னான், நான் மாட்னி பார்த்துக்கொண்டிருந்தேன் என்று. டிக்கெட் எங்கே? டிக்கெட் இல்லையாம், அதற்கு அவன் சொல்வது இது: பெட்டிக்காரனுக்குக் காய்ச்சல், ஆப்பரேட்டர் தாவீது என்னைக் கூப்பிட்டு, பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்து படம் பார் என்றார், கடைசி இரண்டு பெட்டியையும் ஒன்றாக நான்தான் தூக்கிவந்தேன், நாலு மணியிலிருந்து படம் முடிகிற வரைக்கும் தரையில் உட்கார்ந்திருந்தேன். இது அவன் கதை.

என் கொட்டகையில். டிக்கெட் இல்லாமல்.

இதைப் போலீஸ்காரர் வந்து என்னிடம் சொன்னபோது எனக்கு எப்படி இருந்திருக்கும்? நீயே சொல். கொலை கிடக்கட்டும் ஒரு பக்கம். கொலை அவர்கள் இலாகா. கேட் என் இலாகா.

தாவீதைக் கேட்டார்கள். பெட்டியை வெளியாள் கையில் கொடுத்தது தெரிந்தால் முதலாளி அன்றைக்கே சீட்டைக் கிழித்துவிடுவார். அதனால் பெட்டிக்காரன்தான் கொண்டுவந்தான் என்றார். பெட்டிக்காரனைக் கேட்டார்கள். காய்ச்சல் என்றால் அவனுக்கும் வேலை போகும். ஆமாம், நான்தான் என்றான். அவனவன் வேலையை அவனவன் ஒழுங்காகச் செய்ததாகச் சொன்னார்கள். நானும் அதையேதான் சொன்னேன்.

ஜில்லா கோர்ட். முதலில் தாவீது, பிறகு பெட்டிக்காரன், கடைசியாக நான். மாடக்கண்ணுவுக்கு வந்த வக்கீல் சின்னப் பையன், கோட்டு பெரிசு. கேட்டான்:

"இவர் தலையில பெட்டியோட உங்க கேட் வழியா வந்ததா சொல்றார். நீங்க பார்க்கலையா?"

"பெட்டியோட வந்தது பெட்டிக்காரன்."

"முகத்தைப் பார்த்தீங்களா?"

இது என்ன கேள்வி? கேட்டில் நிற்கிறவனிடம் கேட்கிற கேள்வியா?

"என் கேட்டைத் தாண்டி ஒரு முகமும் நான் பார்க்காமப் போனதில்லை" என்றேன்.

ஜட்ஜ் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வை எனக்கு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை. மெதுவாகத் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார்.

கூண்டிலிருந்து மாடக்கண்ணு கத்தினான். "அண்ணாச்சி, நீங்கதான 'பெட்டி வருது வழிவிடு'ன்னு எனக்கு வழி விலக்கி விட்டீக! என் தோளைப் பிடிச்சுத் தள்ளி விட்டீகளே அண்ணாச்சி!"

தினமும் கத்துகிறேன். தினமும் தள்ளுகிறேன். அதற்கு நான் என்ன சொல்ல? ஜட்ஜ் அவனை வாயை மூடு என்றார். நான் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து வராந்தாவில் வாசலைப் பார்த்து உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளே ஒரே சிரிப்பு. கோர்ட்டில் அப்படி ஒரு சிரிப்பு நான் கேட்டதில்லை. எதற்கென்று தெரியவில்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது தாவீது சொன்னார். அவர் உள்ளேயே இருந்து பார்த்திருக்கிறார். ஜட்ஜ் மாடக்கண்ணுவிடம், படம் பார்த்தேன் என்கிறாயே, கதையைச் சொல் என்று கேட்டாராம். இவன் சொல்லியிருக்கிறான்: "கடைசியில தம்பிக்காரன் குண்டடிபட்டுச் செத்துப்போறான் சாமி. அண்ணன் மடியில போட்டு அழுறான். அப்புறம் தம்பிக்கும் டாக்டர் மகளுக்கும் கல்யாணம் நடக்குது. மேளம் வாசிக்கிறாங்க."

"செத்த பிறகு கல்யாணமா?" என்றாராம் ஜட்ஜ்.

"ஆமா சாமி. செத்த பிறகுதான்."

அதற்குத்தான் சிரிப்பு. சர்க்கார் வக்கீல் அந்தப் படத்தைப் பட்டணத்தில் குடும்பத்தோடு பார்த்தவர். கல்யாணம் முதலில், சாவு கடைசியில். அங்கேயே முடிந்தது அவன் கேஸ்.

தாவீது ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார். "அவன் சரியாத்தான் சொல்லிருக்கான் அண்ணாச்சி."

எனக்கும் தெரியும். எனக்குத் தெரியாமல் என்ன? அந்த மாட்னியை நான் மறப்பேனா? ஐந்தாம் பெட்டியும் ஆறாம் பெட்டியும் மாறிப்போய், தாவீது ஆறை முதலில் ஓட்டிவிட்டார். 'வணக்கம்' என்று முடிவு போட்டாகிவிட்டது. ஜனமெல்லாம் எழுந்து கேட்டுக்கு வெளியே வந்துவிட்டது. அப்புறம் உள்ளே நாதஸ்வரம் கேட்கிறது. செத்தவனுக்குக் கல்யாணம். வெளியே வந்த கூட்டம் அத்தனையும் திரும்பி ஓடிவருகிறது. நான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். பாதி டிக்கெட் வைத்திருக்கிறவன் மட்டும் உள்ளே போ என்றேன். பாதிப் பேர் அந்தப் பாதியைத் தூர எறிந்திருந்தார்கள். என் சட்டையைக் கிழித்தார்கள். ஆனால் பாதி இல்லாத ஒருவனையும் விடவில்லை. அந்த ஒரு ஆட்டம், அந்த ஒரு கொட்டகை. வேறு எங்கேயும், எந்த நாளும் அப்படி ஓடவில்லை.

"எப்படி மாறுச்சு பெட்டி?" என்றேன் தாவீதிடம்.

"புது ஆளு. நம்பர் பார்க்கத் தெரியலை. ஆறை மேல வச்சுத் தூக்கிட்டு வந்துட்டான். நானும் அவசரத்துல மாட்டிட்டேன்."

"அப்போ அவன்தானா கொண்டாந்தது?"

"அவன்தான்."

"கூண்டுல நின்னீரே. வாயில்லையா உமக்கு?"

"இப்போ இறங்கித் திரும்பிப் போவோமா அண்ணாச்சி? ரெண்டு பேருமாப் போய்ச் சொல்லுவோம். தீர்ப்புக்கு இன்னும் பத்து நாள் இருக்கு."

மணி பார்த்தேன். நாலே முக்கால். "முதல் ஆட்டத்துக்கு நேரமாச்சுவே" என்றேன்.

நேரமாகத்தான் ஆகியிருந்தது. என்ன பேனாவை நிறுத்திவிட்டாய்? இதையெல்லாம் எழுத வேண்டியதில்லை. பாட்டில் விஷயத்துக்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

போய் என்ன சொல்வது, நீயே யோசித்துப் பார். ஜட்ஜிடம் போய், ஐயா, என் கேட்டில் ஒருவன் நுழைந்தான், நான் முகத்தைப் பார்க்கவில்லை என்றா? அவர் அப்படித் தலையாட்டி எழுதிக்கொண்ட பிறகா?

ஆயுள் தண்டனை. பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். கோர்ட்டில் சிரித்த கதை எங்கள் ஊர் வரைக்கும் வரவில்லை, தீர்ப்பு மட்டும் வந்தது. தாவீது அதற்குப் பிறகு என்னிடம் சரியாகப் பேசமாட்டார். மாடியிலிருந்து இறங்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவருக்கு என்ன மனத்தாங்கலோ.

ஒன்பது வருஷம் கழித்து ஒரு தீபாவளிக்கு ஜெயிலில் படம் போட்டிருக்கிறார்கள். அதே படம். மாடக்கண்ணு உட்கார்ந்து பார்த்திருக்கிறான். கல்யாணம் முதலில் வந்ததும் எழுந்து நின்று, தப்பு, தப்பு, பெட்டி மாறிப்போச்சு என்று கத்தியிருக்கிறான். பிறகு சாவு வந்து, வணக்கமும் போட்டபிறகுதான் அவனுக்குப் புரிந்திருக்கிறது. ஒன்பது வருஷமாக அவன் அதுதான் கதை என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

ஒரு வாரப் பத்திரிகையின் கேள்வி பதில் பகுதிக்குக் கார்டு போட்டான். நான் பார்த்த ஆட்டத்தில் செத்த பிறகு கல்யாணம், இங்கே காட்டியதில் கல்யாணத்துக்குப் பிறகு சாவு, எது சரி? அவர்கள் அதைப் போட்டு, கீழே பதில் போட்டார்கள்: "கல்யாணத்துக்குப் பிறகு சாவுதான். அனுபவஸ்தர்களைக் கேளுங்கள்." வாசித்தவர்களெல்லாம் சிரித்தார்கள்.

ஒருவன் சிரிக்கவில்லை. அந்தப் பத்திரிகை ஆபீஸில் இருந்த நமச்சிவாயம். ஜெயில் விலாசத்திலிருந்து இப்படி ஒரு கேள்வியா என்று அவன் கிளம்பி வந்தான். மாடக்கண்ணுவைப் பார்த்தான். அவன் வாயைக் கிளறி, படக்கதை, கோர்ட்டுச் சிரிப்பு எல்லாம் வாங்கிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்தான். டீக்கடையில் நின்று, செத்த பிறகு கல்யாணம் நடந்த ஆட்டம் எது என்று கேட்டான். பத்துப் பேர் சொல்லிவிட்டார்கள். தேதியோடு சொன்னார்கள், கண்காணி செத்த அன்றைக்கு என்று. தாவீதிடம் போனான். அவர் கேட்பதற்கு முன்னாலேயே அழுதுவிட்டாராம்.

என்னிடம் வந்தான். ஆள் ஒல்லி. தோளில் ஜோல்னாப்பை.

"உங்க கேட்ல டிக்கெட் இல்லாம யாரும் போகவே முடியாதாமே?"

"முடியாது."

"பெட்டி தூக்கிட்டு வந்தாக்கூட?"

"பெட்டிக்காரன்னா போகலாம்."

"சரிங்க அண்ணாச்சி" என்று போய்விட்டான். மரியாதையான பையன் என்று நினைத்தேன்.

மறுநாள் மாட்னிக்குப் பெட்டி வந்தது, வழிவிட்டேன். இன்னொன்று வந்தது, வழிவிட்டேன். மூன்றாவதும் வந்தது. "தள்ளு, தள்ளு, பெட்டி வருது!" என்று தோளைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் நமச்சிவாயம் பெட்டியும் கையுமாக வெளியே வந்து என் முன்னால் நிற்கிறான்.

"நான் எத்தனை தடவை உள்ள போனேன் அண்ணாச்சி?"

"நீயா? நீ உள்ள போகவே இல்லையே."

பெட்டியைத் திறந்து காட்டினான். உள்ளே ஒன்றும் இல்லை. காலிப் பெட்டி. வரிசையில் நின்ற ஜனம் கைதட்டியது. என் கேட்டில் நின்றுகொண்டு.

அதையும் போட்டான் பத்திரிகையில். நாலு வாரம் எழுதினான். ஐகோர்ட்டுக்குப் போயிற்று. தாவீது போய்ச் சொன்னார். இரண்டு வருஷம் இழுத்து, மாடக்கண்ணு வெளியே வந்தான். மொத்தம் பதினோரு வருஷம். நல்லது. நான் வேண்டாம் என்றா சொன்னேன்? கொன்றது வேறு யாரோ என்றார்கள். அது எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்லமாட்டேன்.

இப்போது படம்.

அவன் வெளியே வந்த மறுவருஷமே படம் எடுத்துவிட்டார்கள். எங்கள் கொட்டகையிலேயே போட்டார்கள். ஐம்பது நாள், தினம் மூன்று ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை நான்கு. அத்தனைக்கும் நான்தான் டிக்கெட் கிழித்தேன். என்னைப் பற்றிய படத்துக்கு நானே. இப்படி ஒரு தண்டனை உலகத்தில் எவனுக்காவது உண்டா?

இடைவேளை முடிந்து பத்தாவது நிமிஷம் அந்தக் கட்டம். தினமும் கேட்டேன். எனக்கு மனப்பாடம். "கேட்டுக்காரரே, இது சீமைச் சரக்கு. உமக்குத்தான். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும்." அப்புறம் இசை. அப்புறம் 'டங்' என்று கண்ணாடிச் சத்தம். அவ்வளவுதான், வாங்கிவிட்டான். குடித்தும்விட்டான். ஜனம் ஓவென்று கத்தும். எனக்கு உடம்பெல்லாம் எரியும். கடைசியில் கைதட்டுவார்கள், அது மட்டும் கூட்டத்து இரைச்சலையும் மீறி வாசல் வரைக்கும் கேட்கும். அது பத்திரிகைக்காரனுக்கு.

அந்த ஐம்பது நாளும் ஊர் என்னைப் படுத்திய பாடு! படம் விட்டு வருகிறவன் ஒவ்வொருவனும் என்னைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போவான். "அசத்திட்டீக அண்ணாச்சி." இன்னொருவன், "கண்ணு கலங்கிப்போச்சு அண்ணாச்சி." மருந்துக்கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். எல்லாம் கேலி. நாவிதனிடம் சவரம் செய்யப் போனேன். முடித்துவிட்டு, "உங்ககிட்டப் போய்க் காசு வாங்குவனா அண்ணாச்சி" என்கிறான். சில்லறையை அவன் மூஞ்சியில் எறிந்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து இன்றைக்கு வரைக்கும் என் சவரம் நானேதான். இதோ பார், காதுக்குக் கீழே வெட்டு.

அதோடு டீக்கடைக்குப் போவதை விட்டேன். படம் என்று எவனாவது வாயெடுத்தால் எழுந்து போய்விடுவேன். வீட்டில் யாரும் அதைப் பார்க்கக்கூடாது என்று உத்தரவு. டிவியில் வந்தால் அணைத்துவிடுவேன். நாற்பத்தேழு வருஷம்.

அந்த ஐம்பது நாளில் ஒருநாள் மாடக்கண்ணு வந்தான். மாட்னிக்கு. ஆள் பாதியாகியிருந்தான், தலை முழுக்க நரை. வரிசையில் நின்று டிக்கெட் வாங்கி, என் முன்னால் வந்து நீட்டினான். கிழித்துக் கொடுத்தேன்.

முடிந்து எல்லாரும் போன பிறகு அவன் மட்டும் நின்றான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"போதும் அண்ணாச்சி. எனக்கு இது போதும்."

எது போதும்? நான் கேட்கவில்லை. ஊர் கேலி செய்தது போதாதென்று இவனும் வந்துவிட்டான் என்று கையை உதறினேன். "போலே அந்தப் பக்கம்" என்றேன். போய்விட்டான். பிற்பாடு என்னைத் தெருவில் எங்கே பார்த்தாலும் கும்பிடுவான். நான் பார்க்காத மாதிரி போய்விடுவேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போனான். நான் போகவில்லை.

அவ்வளவுதான் கதை. நீ என்ன எழுதியிருக்கிறாய், வாசி பார்க்கலாம். பாட்டில் விஷயம் தெளிவாக இருக்க வேண்டும்.

என்ன?

நான் படம் பார்த்தேனா என்றா கேட்கிறாய்? பார்க்கவில்லை என்று முதலிலேயே சொன்னேனே. கேட்டேன். நூற்றைம்பது தடவைக்கு மேல் கேட்டேன். நீ எத்தனை தடவை பார்த்தாய்? ஒன்பது தடவையா. அப்போ யாருக்கு அதிகம் தெரியும்?

சொல். என்ன சொல்ல வேண்டுமோ சொல். தலையைச் சொறியாதே.

பாட்டிலை வாங்கமாட்டானா? பின்னே அந்தச் சத்தம்? தூக்கிச் சுவரில் அடிக்கிறானா? உடைகிற சத்தமா அது? உடைந்தால் 'சிலீர்' என்றல்லவா கேட்கும். சரி, துணிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டவன் நான். இருக்கலாம். ஜனம் கத்தியது அந்தப் பாட்டில்காரனைப் பார்த்தா?

கடைசி... கடைசி எனக்குத் தெரியாது. சொன்னேனே. அடுத்த ஆட்டத்துக் கூட்டம்.

கொஞ்சம் சத்தமாகச் சொல். இந்தக் காது மந்தம்.

கேட்டுக்காரன் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்குகிறானா.

நடந்தே கோர்ட்டுக்குத் திரும்பிப் போகிறானா. கூண்டில் ஏறி. என்ன சொல்கிறான்? அப்படியே சொல், வசனத்தை மாற்றாதே.

"நான் முகத்தைப் பார்க்கவில்லை ஐயா. பெட்டியைத்தான் பார்த்தேன்."

ம்.

அப்போதுதான் கைதட்டுகிறார்களா? அந்தக் கைதட்டல் பத்திரிகைக்காரனுக்கு இல்லையா?

ம்.

அந்தச் செம்பை இப்படிக் கொடு.

எவன் எழுதிய கதை இது? நமச்சிவாயமா, சினிமாக்காரனா? எவனாக இருந்தாலும் அவனுக்கு என் கேட்டுப் பக்கம் வந்து ஒரு வார்த்தை கேட்க வாயில்லையா? பஸ்ஸில் நடந்தது அவனுக்கு எப்படித் தெரியும்? தாவீது சொல்லியிருப்பார். சொன்னவர் முழுசாகச் சொல்ல வேண்டியதுதானே. நான் இறங்கவில்லை என்று.

அப்போ அந்தப் பயல் கையைப் பிடித்தது...

அதை எழுத வேண்டாம். நான் உதறியதை எழுத வேண்டாம்.

இல்லை. எழுது.

நாவிதன் காசு வாங்காததையும் எழுது. சில்லறையை எறிந்ததையும்.

என்ன அப்படிப் பார்க்கிறாய்? போனில் படம் இருக்கிறதா? எனக்கு வேண்டாம், உள்ளே வை. இவ்வளவு நாள் பார்க்காதவன் இப்போது பார்த்து என்ன செய்ய? நான் சொல்லச் சொல்ல எழுது. புதுத் தாளில் எழுது. பாட்டில் விஷயத்தை அடித்துவிடு, அது வேண்டாம். எழுது:

அந்தப் படத்தில் வருகிற கேட்டுக்காரன் பொய். பூரணி டாக்கீஸ் கேட்டு அய்யாத்துரை பஸ்ஸை விட்டு இறங்கவில்லை. கோர்ட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. அப்படி ஒரு வார்த்தை எங்கேயும் எவரிடமும் சொல்லவில்லை. படம் தப்பு. இது என் சாட்சி.

எழுதிவிட்டாயா? வாசி.

ம். சரியாக இருக்கிறது. பேனாவைக் கொடு. அடியில் நானே கையெழுத்துப் போடுகிறேன். அன்றைக்கும் போட்டேன், கோர்ட்டில். இன்றைக்கு வயது எண்பத்தெட்டு, எழுத்து கோணுகிறது, அவ்வளவுதான்.

இந்தா.

சீக்கிரம் வாங்கிக்கொள் தாயி. என் கையிலேயே விடாதே. கிழித்துவிடப் போகிறேன். முழுசாகக் கொண்டு போ.